குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் தொடங்கி 2025 மார்ச் முடிய நம் சங்கத்தில் நடந்தவற்றை இந்த அறிக்கையில் வைக்கிறேன். வரவு செலவையும் தணிக்கைச் சான்றையும் பொருளாளர் அடுத்துப் படிப்பார். பொங்கல் விழா, கோலப் போட்டி, குழந்தைகள் ஓட்டப்பந்தயம் எல்லாம் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. படங்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. என் நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய ஒரு வழக்கத்துக்கு ஒதுக்க விரும்புகிறேன். நம் வட்டத்துக் கவுன்சிலர் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு மாலை சங்கக் கூடத்துக்கு வந்து உட்காருவதைத்தான் சொல்கிறேன்.

போன பொதுக்குழுவில், "மனு கொடுக்கிறோம், அது எங்கே போகிறதென்றே தெரிவதில்லை" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அதைக் கவுன்சிலரிடம் அப்படியே சொன்னேன். வருகிறேன் என்றார். மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் இருந்ததால் ஏப்ரல், மே மாதங்களில் முடியவில்லை. ஜூனில் தொடங்கி மார்ச் வரை பத்து கூட்டங்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. முதல் அரை மணி நேரம் தெரு விஷயம். போன மாதம் சொன்ன குறை என்ன ஆனது என்று தன் நோட்டைப் பார்த்து அவரே முதலில் படித்துவிடுவார். முடியாததை முடியாது என்றே சொன்னார். அடுத்த அரை மணி நேரம், டெல்லியிலும் கோட்டையிலும் போடுகிற சட்டம் நம் வாசலில் என்னவாக வந்து நிற்கிறது என்பதைப் பற்றியது. இந்த இரண்டாவது பகுதி நாங்கள் திட்டமிட்டு வைத்ததல்ல. சொத்து வரியை முதலில் சொல்கிறேன்.

நவம்பர் கூட்டத்துக்கு மூன்று பேர் வரி ரசீதோடு வந்திருந்தார்கள். 2022-இல்தானே ஏற்றினார்கள், மறுபடியும் 6 சதவீதமா என்பது கேள்வி. கவுன்சிலர் பழைய கதையிலிருந்து சொன்னார். பழைய சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி உயர்வு எதுவும் நிலைக்கவில்லை. மத்தியில் அமைக்கப்பட்ட 15ஆவது நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் ஆண்டுதோறும் உயர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதையொட்டித்தான் 2022 ஏப்ரலில் மாநில அரசு வரியைத் திருத்தியது. 2011-இல் சென்னையோடு சேர்த்த நம்மைப் போன்ற பகுதிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. 2024 அக்டோபர் அரையாண்டில் வந்த 6 சதவீதமும் அதே நிபந்தனையின் தொடர்ச்சி.

மாநிலத்தைக் கேட்டால் மத்தியைக் காட்டுகிறார்கள், மத்தியைக் கேட்டால் மாநிலத்தைக் காட்டுகிறார்கள் என்று ஓர் உறுப்பினர் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வரி கட்டுகிறவருக்கு அது ஏன் ஏறியது என்று உட்கார்ந்து ஒருவர் சொன்னது இதுவே முதல் முறை. சொல்லிவிட்டு, அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு என்பதையும் அவர் நினைவூட்டினார். நம்மில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கவில்லை. இனி ஏப்ரல், அக்டோபர் மாத முதல் வாரத்தில் சங்கமே வீடு வீடாகச் சீட்டு கொடுத்து நினைவூட்டும்.

அடுத்தது மழைநீர் வடிகால். அக்டோபர் 15ஆம் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியதை நாடே பார்த்தது. நம் மூன்றாவது குறுக்குத் தெருவில் புது வடிகால் கட்டி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அப்படியும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. காலை ஆறு மணிக்குக் கவுன்சிலர் வந்தபோது நாங்கள் நாலைந்து பேர் முனையில் நின்றுகொண்டிருந்தோம். தண்ணீர் வடிய வேண்டிய பக்கம் போகாமல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மழை விட்ட பிறகு, ஓய்வுபெற்ற பொறியாளரான நம் உறுப்பினரும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து டியூப் லெவல் பிடித்துப் பார்த்தார்கள். கையில் உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர், அவ்வளவுதான். வடிகாலின் இரண்டு முனைகளிலும் மூடியைத் தூக்கிக் குழாயைப் பிடித்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. தண்ணீர் வெளியேற வேண்டிய முனையின் அடித்தளம் தொடக்க முனையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. வாட்டமே தலைகீழ். கவுன்சிலர் மண்டியிட்டு உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் நின்ற மட்டத்தைக் கைப்பேசியில் இரு முனையிலும் படமெடுத்துக்கொண்டார். மேலே சிமெண்ட் மூடி, ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அந்தப் படங்களை, வட்டத்து மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதிய பிறகுதான் ஒப்பந்ததாரர் திரும்பி வந்தார். ஜனவரியில் 110 அடி நீளத்துக்கு உடைத்து மறுபடி வாட்டம் கொடுத்துக் கட்டினார்கள். டியூப் லெவலைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் தினமும் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

இந்த வடிகால் கடைசியில் எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் போகிறது. 2022-இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு. அதே சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கும் இருக்கிறது. நம் வாசலில் எடுக்கிற குப்பை போகிற இடமும் நம் வாசல் மழைத்தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடமும் ஒன்றுதான். இதைக் கவுன்சிலர் ஒரு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியபோது கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

குப்பை விஷயத்தில் தவறு நம் பக்கமும் இருந்தது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, அறிவிப்பு வந்த ஓராண்டுக்குள் வீட்டிலேயே தரம் பிரிப்பதை உறுதி செய்யும் பொறுப்பு குடியிருப்போர் சங்கங்களுக்கும் இருந்தது. அதாவது நமக்கும். எட்டு ஆண்டுகளாக நாம் அதைப் படிக்கக்கூட இல்லை. செப்டம்பர் கூட்டத்துக்கு நம் தெருவின் பேட்டரி வண்டி ஓட்டும் தூய்மைப் பணியாளரையும் கவுன்சிலர் அழைத்து வந்து, நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த அம்மா தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலின் அடியில் இரண்டு தையல் போட்ட தழும்பு. சாப்பாட்டு மிச்சத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த பையில் உடைந்த டியூப்லைட் இருந்திருக்கிறது. அடுத்த வாரமே எல்லா வீட்டுக்கும் பச்சை, நீலம் இரண்டு வாளிகள் வாங்கிக் கொடுத்தோம். டயப்பரையும் நாப்கினையும் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்துகளுக்குச் சங்க அலுவலக வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. மார்ச் கணக்குப்படி நம் 186 வீடுகளில் 131 வீடுகள் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கின்றன. மீதி 55 வீடுகளுக்கு நானே மறுபடி வருவேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சம்பந்தப்பட்ட உறுப்பினரின் அனுமதியோடுதான் சொல்கிறேன். நம் தெருக்களில் பல வீடுகளுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை, செப்டிக் டேங்க்தான். ஆடி மாதத்து ஞாயிறு, வீட்டில் விசேஷம், டேங்க் நிரம்பி அடைத்துக்கொண்டது. லாரி கிடைக்காமல், யாரோ சொல்லி இரண்டு பேரை வரவழைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு வரும் வழியில் கவுன்சிலர் அதைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை நிறுத்தினார். நானும் ஓடினேன். மூடி திறந்திருந்தது. இருவரில் இளையவர் சட்டையைக் கழற்றி அழகாக மடித்துக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்திருந்தார். அதன் மேல் அவருடைய செல்போன். இடுப்பில் கயிறு. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் உள்ளே இறங்கியிருப்பார்.

கவுன்சிலர் சத்தம் போடவில்லை. மூடியை மூடச் சொன்னார். இரண்டு பேருக்கும் அன்றைய கூலியை முழுதாகக் கொடுக்கும்படி வீட்டுக்காரரிடம் கேட்டார், அவரும் மறுக்காமல் கொடுத்தார். கழிவுநீர் லாரி இரண்டு மணி நேரத்தில் வந்தது. அன்றைய கூட்டம் முழுவதும் அதைப் பற்றித்தான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்தியவர் வீட்டுக்காரராக இருந்தாலும் விலக்கு இல்லை. சாக்கடையில் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. 2025 ஜனவரி 29 அன்று, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆட்களைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதற்கு முன் இதையெல்லாம் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன்தான் நானும். அந்தச் சட்டையும் செல்போனும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அன்றே நிறைவேற்றிய தீர்மானம் இது: நம் சங்க எல்லைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. மூன்று லாரிக்காரர்களின் எண்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. கையில் பணம் இல்லாத நேரத்தில் லாரிக் கட்டணத்தைச் சங்கம் முன்பணமாகக் கொடுக்கும், இரண்டு மாதத்தில் திருப்பித் தந்தால் போதும். இதுவரை நான்கு குடும்பங்கள் பயன்படுத்தியிருக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முனையில் பூ விற்கும் அம்மாவை அகற்றக் கோரி ஒரு மனு வந்தது. 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கும் வரை யாரையும் அப்படி அகற்ற முடியாது என்று கவுன்சிலர் விளக்கினார். மனு திரும்பப் பெறப்பட்டது. கூடை நடைபாதையை அடைக்காதபடி இரண்டடி உள்ளே நகர்ந்தது. பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணைக் கடன் 10,000 ரூபாய்க்கு அந்த அம்மா விண்ணப்பிக்கவும் நம் இளைஞர்கள் உதவினார்கள். தெருநாய் விஷயத்தில் 2023 விதிகளின்படி, உணவு வைக்கும் இடத்தையும் நேரத்தையும் குறிக்க வேண்டியது சங்கத்தின் வேலை. பூங்காவின் பின் சுவர் ஓரம், இரவு ஒன்பது மணிக்கு மேல் என்று முடிவு செய்திருக்கிறோம். இரு தரப்பிலும் மனக்குறை தீரவில்லை. அப்புறம், மாடியில் சூரிய மின்பலகை வைக்க, சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். இரண்டு வீடுகளில் பலகைகள் ஏறிவிட்டன, விவரம் வேண்டுவோர் அவர்களைக் கேட்கலாம்.

ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா டிசம்பரில் மக்களவைக்கு வந்தபோது ஜனவரிக் கூட்டத்தில் நல்ல விவாதம் நடந்தது. உறுப்பினர்களிடையே இரண்டு கருத்தும் உண்டு, சங்கம் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. ஆனால் கவுன்சிலர் சொன்ன ஒன்றைப் பதிவு செய்கிறேன். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களைச் சேர்த்து நடத்தி, அதன் பின் 100 நாளுக்குள் உள்ளாட்சித் தேர்தலை நடத்தலாம் என்று முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. மக்களவைக்கு வந்த அந்த மசோதாவில் உள்ளாட்சி இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை ஐந்து ஆண்டுக்கு மேல் நம் வட்டத்துக்குக் கவுன்சிலரே கிடையாது. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்று சொல்லியும் அப்படி நடந்தது. அந்த ஆண்டுகளில் ஒரு தெருவிளக்குக்காக எத்தனை படி ஏறினோம் என்பது பழைய நிர்வாகிகளுக்குத் தெரியும். உள்ளாட்சித் தேர்தல் எந்த மாதத்தில் நடந்தாலும் சரி, உரிய காலத்தில் நடக்க வேண்டும். இதை என் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலுவையில் உள்ளவை: மூன்றாவது குறுக்குத் தெரு வடிகால் பெரிய வடிகாலோடு சேரும் இடத்தில் 40 அடி இன்னும் திறந்தே கிடக்கிறது. குறுக்கே மின் கேபிள் போவதால் அதை மாற்றிய பிறகே கட்ட முடியும் என்கிறார்கள். புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும் என்று பகுதி சபையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை இரவில் அங்கே யாரும் விழாமல் இருக்க மூங்கில் தடுப்பும் சிவப்பு விளக்கும் சங்கச் செலவில் வைத்தாயிற்று. பூங்காக் கழிப்பறையின் பூட்டு இன்னும் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கவுன்சிலரின் நோட்டில் அதுதான் முதல் வரி.

ஆண்டு முழுவதும் துணை நின்ற நிர்வாகக் குழுவுக்கும், கூட்ட நாட்களில் டீ போட்டுக் கொடுத்த மகளிர் அணிக்கும், பத்து ஞாயிறு மாலைகளை நமக்குக் கொடுத்த கவுன்சிலருக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்