லாத்தா, வாப்பா கபருக்கு வழி

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹாங்காங் வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் கட்டிக் கொடுத்த மாசியையும் ஊறுகாயையும் ஏர்போர்ட்டில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஊரில் இருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டீர்கள், “வாப்பாவை அடக்கின இடம் எப்படிடா இருக்கு?” என்று. வீடு நிறைய விருந்தாளிகள். “நல்லா இருக்கு லாத்தா” என்பதற்கு மேல் அந்தச் சபையில் என்ன சொல்ல முடியும்? ஆற அமரச் சொல்ல வேண்டிய சங்கதி என்பதால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இருந்தே எனக்கு அந்த இடத்தைப் பற்றித்தான் யோசனை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. வருஷம் முழுக்கப் பெய்தாலும் நம்ம ஊருக்கு அவ்வளவு கிடைக்காது. உங்கள் போன் கிடைக்காமல் தவித்த அந்த இரண்டு நாளும் முதலில் நீங்கள், அப்புறம் உம்மா, அதற்கடுத்து வாப்பாவை அடக்கிய மையவாடி மணல் என்றுதான் மனசு ஓடியது. இருக்கிறவர்களை விட்டுவிட்டுப் போனவருக்குக் கவலைப்படுகிறானே என்று நினைக்காதீர்கள். வரிசையைக் கவனியுங்கள், வாப்பா மூணாவதுதான்.

பயந்த மாதிரிதான் ஆகியிருந்தது. முன்பு வந்தபோது மேடாக இருந்த மண் தரையோடு தரையாகப் படிந்துவிட்டது. கபருக்கு அடையாளமாகக் கால்மாட்டில் நட்ட மீசான் கல் சாய்ந்து பாதி புதைந்து கிடந்தது. கல்லில் பேர் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. பக்கத்தில் அதே மாதிரி கல், அதே மாதிரி மணல். எது வாப்பா என்று எனக்கே பிடிபடவில்லை. பள்ளிவாசல் மோதினார் வந்து வேப்ப மரத்தில் முதுகை வைத்து நின்று, விரல் நீட்டி எண்ணிக் காட்டினார். அவரும் போய்விட்டால் எண்ணிக் காட்ட ஆள் கிடையாது. நம் பாட்டனாரின் கபர் எது என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும், சொல்லுங்கள்? நமக்குத் தெரியாது, நம் மாமாக்களுக்கும் தெரியாது.

அதனால் குறித்துக்கொள்ளுங்கள். மேற்குக் கேட்டு வழியாக உள்ளே போனால் நேராக வேப்ப மரம். மரத்தில் இருந்து தெற்கே மூன்றாவது வரிசை. அந்த வரிசையில் சுவர்ப் பக்கத்தில் இருந்து ஐந்தாவது. தலைமாட்டுக் கல்லின் வலது மூலை சில்லு போயிருக்கும், கை வைத்தால் தெரியும். தலை வடக்கே, முகம் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து மேற்கே. கால்மாட்டுக் கல்லை நிமிர்த்தி, மண் அணைத்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். யாசீன் ஓதி முடிக்கும்வரை ஒரு ஆட்டுக்குட்டி பக்கத்தில் நின்று புல்லை இழுத்துக்கொண்டே இருந்தது. விரட்ட மனசு வரவில்லை. வாப்பா இருந்தால் அதற்குத் தண்ணீர் வைத்திருப்பார்கள்.

2021 மே மாசம் வாப்பா மௌத்தானபோது நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்தியாவுக்கு வழக்கமான விமானம் கிடையாது. ஏப்ரல் 20 முதல் ஹாங்காங்கும் இந்திய விமானங்களை நிறுத்தியிருந்தது. கடைசி வரை கஞ்சி ஊட்டி, வேர்வை துடைத்து, ராத்திரி ராத்திரியாக விழித்தது நீங்கள். வாப்பாவைச் சுமந்த சந்தூக் வீட்டு வாசலைத் தாண்டியதும் நின்றுபோனதும் நீங்கள். நான் செல்போன் வரை, நீங்கள் வாசல் வரை. எனக்காவது பிறகு டிக்கெட் கிடைத்தது. உங்களுக்கு வீட்டில் இருந்து நடந்தால் பத்து நிமிஷ தூரம். இன்னும் பார்க்கவில்லை.

“பொம்பளைங்க போறது வழக்கமில்ல” என்பார்கள். வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏர்வாடி தர்காவுக்கும் நாகூர் தர்காவுக்கும் வேன் பிடித்துப் போகிறோமே, அங்கே இருப்பதும் கபர்தானே? எஜமான் என்று நாம் சொல்லும் மகான் அடங்கியிருக்கும் இடத்துக்குப் போகலாம், பெற்ற வாப்பா கபருக்குக் கூடாது என்றால் எனக்கு விளங்கவில்லை. கபருக்குப் போய் ஜியாரத் செய்யுங்கள், அது மறுமையை நினைவூட்டும் என்ற ஹதீஸ் ஆணுக்கு மட்டும் என்று சொல்லப்படவில்லை. நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி தம் சகோதரர் அப்துர் ரஹ்மானின் கபருக்குப் போனது திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. மார்க்க அறிஞர்களான உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு, மக்ரூஹ், விரும்பத்தகாதது என்போரும் உண்டு. ஒப்பாரி வைக்காமல், ஒழுக்கம் பேணி, ஸலாம் சொல்லி துஆ கேட்டுவிட்டு வருவதற்கு இடம் கொடுப்போரும் உண்டு. முடிவு உங்களுடையது. ஆனால் வழி தெரியாததால் போகவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

இங்கே ஏப்ரலில் மூதாதையர் கல்லறையைச் சுத்தம் செய்யும் சிங் மிங் நாள் வந்தால் அரசு விடுமுறை. சீனக் குடும்பங்கள் விளக்குமாறும் பழமும் எடுத்துக்கொண்டு மலையேறும். மகள், மருமகள், பேத்தி எல்லோரும்தான். அவர்கள் சடங்கு நமக்கு வேண்டாம். ஹேப்பி வேலியில் நம்ம மையவாடியும் இருக்கிறது, மலைச்சரிவில் படிப்படியாக. அங்கே ஒரு அம்மா ஒரு கபர் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் ஞாபகம்தான் வந்தது.

போவதாக இருந்தால் மாலைத் தொழுகையான அஸருக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள், ஆள் நடமாட்டம் இருக்காது. மகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், வாப்பாவுக்கு அவள் என்றால் உயிர். செருப்பைக் கழற்றினால் நெருஞ்சி குத்தும், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டுச் சாவி மோதினாரிடம் இருக்கிறது, சொல்லி வைத்துவிட்டேன். உம்மாவிடம் வெள்ளிக்கிழமை நானே போன் செய்து பேசுகிறேன். மாமாக்களிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் தம்பி