இஈவிப் பறவையின் அழிவுக்கு இறகாடையா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹவாய்த் தீவுகளில் பூந்தேன் உண்டு வாழும் இஈவிப் பறவையைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ஆனால் அப்பறவை அருகிப்போனதற்கு அந்நாட்டுத் தலைவர்களின் இறகாடை மோகமே காரணம் என்று அது முடிந்திருந்தது மனத்தை உறுத்துகிறது.

இறகுக்காக இஈவிகள் ஏராளமாகப் பிடிக்கப்பட்டது உண்மைதான். கியா மானு எனப்பட்ட பறவை பிடிப்போர் கிளைகளில் பசை தடவி அவற்றைப் பிடித்தார்கள். ஓலொனாச் செடியின் நாரில் முடைந்த வலையில், செவ்விறகுகளைச் சிறுசிறு கொத்துகளாக, ஒரு வரிசையின் அடியை அடுத்த வரிசை மறைக்கும்படி நெருக்கிக் கட்டினார்கள். 1779 ஜனவரியில் கலானியோபுவு என்ற தலைவர் தம் தோளில் கிடந்த இறகாடையைக் கழற்றிக் கேப்டன் குக்குக்கு அணிவித்தார். அந்த ஓர் ஆடைக்கு ஏறத்தாழ 20,000 பறவைகளின் இறகுகள் தேவைப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1912 முதல் நியூசிலாந்தில் இருந்த அந்த ஆடை 2016இல் ஹவாய்க்குத் திரும்பியது.

இவ்வளவு பறவைகள் பிடிபட்ட பின்னரும், 19ஆம் நூற்றாண்டில் தாழ்நிலக் காடு முதல் மலைக்காடு வரை இஈவி சர்வசாதாரணமாகத் தென்பட்டது என்பதைக் கட்டுரையாளர் கணக்கில் கொள்ளவில்லை. காடழிப்பு ஒருபுறமிருக்க, பெருங்கேடு கொசுவால் வந்தது. 1826இல் கப்பல் வழியே தீவில் புகுந்த கொசு, பிற்காலத்தில் பறவை மலேரியாவைப் பரப்பியது. நோய்க்கிருமி கொண்ட கொசு ஒரே முறை கடித்தாலும் பத்தில் ஒன்பது இஈவிகள் மடிவதை ஆய்வுக்கூடச் சோதனை காட்டியது. அதனால்தான் அவை இன்று குளிர்ந்த உயர்மலைக் காடுகளில் ஒதுங்கியுள்ளன. வெப்பம் கூடக்கூடக் கொசுவும் அங்கே ஏறிக்கொண்டிருக்கிறது. 2017இல் அமெரிக்க அரசு இப்பறவையை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. கொசுப் பெருக்கத்தைத் தடுக்க, இணைசேர்ந்தாலும் முட்டை பொரியாதபடி செய்யும் பாக்டீரியாவைச் சுமந்த, கடிக்காத ஆண் கொசுக்களை மவுயித் தீவின் காடுகளில் 2023 முதல் ஹெலிகாப்டரிலிருந்து விடுகிறார்கள். இறகாடையைப் போற்றிக் காத்த மக்களின் முன்னோர்மீது பழியைப் போட்ட கட்டுரை, இம்முயற்சியைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது பெருங்குறை. இதைத் தனிக் கட்டுரையாகவே தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

படத்தின் கீழே ‘ஹம்மிங்பறவை’ என்று அச்சாகியிருப்பதையும் திருத்த வேண்டும். அலகு வளைந்திருந்தாலும் இஈவி ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த பாடும் பறவை. இமயமலையில் வாழும் ரோஸ்ஃபிஞ்ச் பறவைகளுக்கு நெருங்கிய உறவு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்