பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

பெரியவர்களுக்கு நீ எடுக்கிற வகுப்பைப் பற்றி "எல்லாம் நல்லாத்தான் போகுதுப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். உங்கம்மா நம்பிவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அதற்கு முன்னால் ஒன்று சொன்னாயே, "வயசானவங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறலப்பா" என்று? அது மனசிலேயே நிற்கிறது. நீயா அப்படிப் பேசுவது, பெரியப்பா மடியில் வளர்ந்தவள்? எந்தக் காகிதத்தை நீட்டினாலும் "கண்ணாடியை மறந்துட்டேன், நீயே படிச்சுச் சொல்லு" என்பாரே. கையெழுத்துப் போடும்போது விரல் நுனி வெளுக்கும்வரை பேனாவை அழுத்துவார். அதே மனுஷன் வட்டிக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டு நமக்கு முன்னால் சொல்லிவிடுவார். அவருக்கா ஏறாது? தெரியாதவராக நாலு பேர் முன்னால் உட்கார அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் வகுப்பில் வாய் திறக்காதவர்களையும் அப்படிப் பார். சின்னப் பிள்ளை தப்பாகச் சொன்னால் அடுத்த நிமிஷம் மறந்துவிடும். வீட்டிலும் வேலையிலும் பத்துப் பேர் யோசனை கேட்கிற ஆளுக்கு ஒரு தப்பான பதில் ராத்திரி முழுக்க உறுத்தும். மறுநாள் வரமாட்டார். நீ ஏறவில்லை என்பாய்.

முதலில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேள். 1963இல் பிரேசிலில் அஞ்சிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃப்ரேயிரே என்ற கல்வியாளர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க முனைந்தார். அவருடைய குழு முதலில் அந்த மக்களோடு உட்கார்ந்து அவர்கள் பேச்சில் அன்றாடம் புழங்கும் சொற்களைத் திரட்டியது. அந்தச் சொற்களிலிருந்தே எழுத்து தொடங்கியது. அடுத்த வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்ற சட்டம் அன்று இருந்த நாடு அது.

நீ கெட்டிக்காரி. உன்னைப் போல விளக்கிச் சொல்ல எனக்கு வராது. ஆனால் உனக்கு அவசரம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டுகிறாய். படித்தது சீக்கிரமே கரைந்துபோகும் என்று 1885லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே வைத்துச் சோதித்து எழுதியிருக்கிறார். புதுப் பாடம் எடுக்குமுன் போன பாடத்தை நோட்டைப் பார்க்காமல் அவர்களையே நினைவுபடுத்திச் சொல்லச் சொல். தடுமாறி யோசித்து எடுத்தது நிற்கும். யாரையும் தனியாக எழுப்பி நிறுத்தாதே, ரெண்டு ரெண்டு பேராகப் பேசிக்கொள்ளட்டும். இது எதற்கு உதவும் என்று யாராவது கேட்டால் முகம் சுளிக்காதே. காரணம் தெரிந்தால்தான் வளர்ந்தவர்கள் உழைப்பார்கள்.

முதலில் கேள், பாப்பா. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே.

உன் வகுப்புக்கு வருவதை நடுவில் நிறுத்திவிட்டாரே, அந்தப் பெரியவரை நீயே ஒருதரம் கூப்பிட்டுப் பேசு. வகுப்பு முடிந்ததும் எனக்கும் போன் பண்ணு. எவ்வளவு நேரமானாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா