மரப்பு ஊசி: பயம் குத்துவதில் மட்டுமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல் சிகிச்சைக்கான மரப்பு ஊசி என்றால் குத்தும் வலியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பலர் மிரள்வதோ ஊசி போட்டு முடிந்த பிறகு. உதடு வீங்கிவிட்டதோ, எச்சில் விழுங்க முடியாதோ, மூச்சு அடைக்குமோ, இது இப்படியே நின்றுவிடுமோ என்ற கலக்கம். ‘ஒன்றும் ஆகாது’ என்று சொன்னால் அது தீராது. எது, எப்போது நடக்கும் என்பதை ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

பல் மருத்துவர்களான நாங்கள் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குத் தாடையின் உட்புறம், பின்பக்கமாக மருந்தைச் செலுத்துவோம். பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் அந்தப் பக்கத்து உதடும் பாதி நாக்கும் மரக்கும். தொடுவுணர்வு போனதும் உதடு பெரிதானது போல மூளைக்குத் தோன்றும். கைக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள், அளவு மாறியிருக்காது. மருந்து சற்றுப் பின்னால் பரவினால் தொண்டை ஓரமும் மரத்து, ஏதோ அடைத்தது போலிருக்கும். விழுங்குவது தெரியாதே தவிர, விழுங்க முடியும், மூச்சும் தடைப்படாது. நாற்காலியை நிமிர்த்தச் சொல்லி, மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விடுங்கள்.

ஊசி போட்டதும் சிலருக்கு வரும் படபடப்புக்குக் காரணம் வேறு. மருந்து சீக்கிரம் கரைந்து போகாமலிருக்க லிக்னோகைன் என்ற மரப்பு மருந்துடன், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினை 1:80,000 அல்லது 1:1,00,000 அளவில் சேர்ப்பது வழக்கம். அதனால் நெஞ்சு வேகமாக அடித்துச் சில நிமிடங்களில் அடங்கும். இதைத்தான் பலர் ‘எனக்கு ஊசி அலர்ஜி’ என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான லிக்னோகைன் அலர்ஜி மிக அரிது. ஆனால் உடம்பில் தடிப்பு, முக வீக்கம், இளைப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். இதய நோய், தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகள் பற்றி ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மயக்கம் வருபவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம்.

மரத்த பிறகும் அழுத்தமும் அதிர்வும் தெரியும். அது ஊசி வேலை செய்யாததால் அல்ல. சுரீரென்ற வலி வந்தால் மட்டும் இடது கையைத் தூக்குங்கள் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மருந்து சரியாக ஏறாது. அப்போது இன்னொரு ஊசி தேவைப்படலாம்.

சக மருத்துவர்களுக்கும் ஒன்று: ஈறைத் துடைத்து, மரப்பு ஜெல்லை 1 முதல் 2 நிமிடம் வைத்திருங்கள். 1.8 மி.லி. குப்பியைக் குறைந்தது ஒரு நிமிடம் எடுத்துச் செலுத்துங்கள். வலி பெரும்பாலும் ஊசிமுனையால் அல்ல, அவசரத்தால்தான்.

பல்லில் மரப்பு சுமார் ஒரு மணி நேரம் இருக்கும். உதட்டிலும் நாக்கிலும் 3 முதல் 5 மணி நேரம். அதுவரை சூடான பானம் வேண்டாம், மென்று சாப்பிடவும் வேண்டாம். குழந்தைகள் விளையாட்டாக உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். மறுநாள் அது வெள்ளைப் புண்ணாகத் தெரியும், பெற்றோர் சீழ் என்று பதறுவார்கள். சில நேரம் ஊசி போட்ட பக்கத்துக் கண்ணிமை மூடாமல் நிற்கும். முக நரம்பை மருந்து தொட்டதே காரணம். சில மணி நேரத்தில் சரியாகும். அதுவரை இமையை மூடி டேப் ஒட்டி, கண் உலராமல் காக்க வேண்டும்.

மறுநாளும் மரப்பு நீடித்தால் காத்திருக்காமல் ஊசி போட்ட மருத்துவரிடமே தெரிவியுங்கள். நரம்பில் உராய்வு ஏற்பட்டிருக்கலாம். அரிதான இதுவும் பெரும்பாலும் சில வாரங்களில் மீளும். எந்த இடம் வரை மரத்திருக்கிறது என்று முதல் நாளிலேயே குறித்து வைத்தால்தான், குறைகிறதா என்று பின்னர் ஒப்பிட முடியும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்கள் சிலர்