தொடர் வாசிப்பும் சந்தா பாக்கியும்: நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி நடந்தது. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு புத்தகப் பரிமாற்றம் நடந்தது. நூலக மாடி அறையின் மின்விசிறி ஒருவழியாகச் சரியானது.

அப்புறம் எட்டு சனிக்கிழமைத் தொடர் வாசிப்பு. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன தத்துவ ஆசிரியர் பிரபாண்ட் சீகர்தான் தலைப்பு. தேர்ந்தெடுத்தவன் நான், செயற்குழு ஒப்புக்கொண்டது. முதல் கூட்டத்துக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள், ஐந்தாவதுக்கு ஆறு பேர். இரண்டாவது கூட்டம் முடிந்ததுமே, இது கிறிஸ்தவ உறுப்பினர்களின் மனதைப் புண்படுத்துகிறது என்று ஒருவர் குழுவில் எழுதினார், அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அந்தப் பதினோரு பேரில் மூன்றாவது கூட்டத்துக்கு வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே அங்கே என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதிவிடுவது என் கடமை.

பாரிஸில் இறையியல் படிப்பதற்கு முன்பு கலைப்புலத்தில் படித்தாக வேண்டும். 1255இல் அரிஸ்டாட்டிலின் நூல்கள் அங்கே முறையான பாடமாயின. அவற்றோடு சேர்ந்து வந்தவை, ஸ்பெயினின் கோர்டோபாவைச் சேர்ந்த இஸ்லாமியத் தத்துவஞானி இப்னு ருஷ்த் அவற்றுக்கு எழுதிய உரைகள், லத்தீன் மொழிபெயர்ப்பில். சீகர் கலைப்புலத்து ஆசிரியர். அரிஸ்டாட்டில் என்ன சொன்னார் என்பதை ஒளிக்காமல் சொல்வதுதான் தன் வேலை என்று நினைத்தவர். அப்படிச் சொல்லப்போனால் இரண்டு இடங்களில் கிறிஸ்தவ விசுவாசத்தோடு இடிக்கிறது. உலகத்துக்குத் தொடக்கம் இல்லை என்பது ஒன்று. மனிதர் எல்லோருக்கும் சேர்த்து அறிவு ஒன்றே என்பது இன்னொன்று. முதலாவது, கடவுள் உலகைப் படைத்தார் என்பதைத் தொடுகிறது. இரண்டாவது அதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் என் அறிவு எனக்கே உரியது இல்லை என்றால் நான் செத்த பிறகு மோட்சத்துக்கோ நரகத்துக்கோ போவது யார்?

நான்காம் கூட்டத்தில் இதை ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஐயா சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, "முப்பது வருஷமா இதை நடத்தியிருக்கேன், என் தலையில் இருக்கிற தேற்றமும் பையன் தலையில் இருக்கிற தேற்றமும் ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றோம். "அப்போ சீகர் சொன்னதில் என்ன தப்பு?" என்றார். அதற்குத்தான் 1270இல் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தனி நூலே எழுதிப் பதில் சொன்னார்: புரிந்துகொள்வது இந்த மனிதன்தானே, அறிவு எங்கோ தனியாக இருந்தால் இவன் புரிந்துகொள்கிறான் என்று எப்படிச் சொல்ல முடியும்? வாத்தியார் ஐயா அன்று சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே 1270 டிசம்பரில் பாரிஸ் ஆயர் எத்தியென் தம்பியே 13 கருத்துகளைக் கண்டித்தார். 1277 மார்ச் 7இல் 219 கருத்துகள். தத்துவத்தில் ஓர் உண்மை, விசுவாசத்தில் அதற்கு எதிரான இன்னொரு உண்மை என்று கலைப்புலத்தார் சிலர் பேசுவதாக அந்தக் கண்டன ஆணையின் முன்னுரையில் குற்றம் சாட்டினார். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் சீகரின் எழுத்தில் அப்படி ஒரு கொள்கையே இல்லை. இரண்டும் மோதும் இடத்தில் உண்மை விசுவாசத்தின் பக்கம்தான் என்றும், தான் தேடுவது தத்துவவாதிகளின் கருத்து என்ன என்பதை மட்டுமே என்றும் எழுதுகிறார். அக்வினாஸ் எழுப்பிய கேள்விகளுக்குப் பிறகு தன் நிலையையும் மெல்ல மாற்றிக்கொண்டார். புண்படுத்துகிறது என்று எழுதியவர் இன்னும் இரண்டு வாரம் வந்திருந்தால் இதைக் கேட்டிருப்பார். எட்டு கூட்டத்துக்கும் தவறாமல் வந்த ஒரே ஒருவர் நம் சிஸ்டர், ஒரு கன்னியர் மடத்தில் இருப்பவர். "தாமஸ் யாருக்குப் பதில் சொல்றாருன்னு தெரியாம தாமஸை எப்படிப் படிக்கிறது?" என்று அவர் கேட்டதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

1276 நவம்பரில் திருச்சபையின் விசாரணை அதிகாரி சீகரை அழைத்து ஆணையிட்டபோது அவர் பாரிஸில் இல்லை. பிறகு இத்தாலியில், ஓர்வியெட்டோவில், திருத்தந்தையின் அவை இருந்த இடத்தில், புத்தி பேதலித்த தன் எழுத்தரின் கையால் குத்துப்பட்டு இறந்தார். 1284 நவம்பருக்கு முன்பு இது நடந்தது. நாற்பது ஆண்டுகளுக்குள் இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரைச் சொர்க்கத்தில், சூரியனுக்குரிய வானத்தில், அக்வினாஸின் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். அவரை அறிமுகப்படுத்துவதும் அக்வினாஸ்தான், வைக்கோல் தெருவில் பாடம் சொன்னவர் என்று. அந்தத் தெரு பாரிஸில் உண்மையாகவே இருந்தது, மாணவர்கள் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். நாம் இந்தப் பகுதியைப் படித்த அன்று அறையின் நாற்காலிகள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டன. ஆறு பேரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்துதான் படித்தோம். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் நிறைவாக இருந்த மாலை அதுதான்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரியாக வந்துவிட்டது, ஜெராக்ஸ் செலவில் ஒரு பகுதியைச் சிலர் கைக்காசாகப் போட்டதால். நாற்பத்தொரு உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் பதினேழு பேர். தலைப்பு பிடிக்காததால் கட்டவில்லை என்று சிலர் சொன்னார்கள். தலைப்பு பிடிக்கவில்லை என்றால் கூட்டத்துக்கு வந்து எழுந்து நின்று மறுத்துப் பேசியிருக்கலாம், அக்வினாஸ் அதைத்தான் செய்தார். சந்தா என்பது அறை வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும், சீகருக்கு இல்லை.

அறை கொடுத்த நூலகத்தாருக்கும், தேநீர் தந்த எதிர்க்கடை அண்ணனுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்னு ருஷ்திலிருந்து தொடங்கலாம் என்பது என் விருப்பம். அவரும் 1195இல் தன் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, நூல்கள் எரிக்கப்பட்டு, 1198இல் மராகேஷில் இறந்தவர். அவர் எழுதியதைப் படிக்காமல் சீகரை நாம் பாதிதான் படித்திருக்கிறோம். வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் கோப்புகளை இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன், ஆனால் வாசிப்பு நிற்கக் கூடாது. பத்துப் பேர் வருவதாகச் சொன்னால் போதும். இந்த மாதக் கடைசிக்குள் பாக்கியைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டு, வருகிறேன் என்று ஒரு வார்த்தை குழுவில் எழுதுங்கள். நாற்காலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாய்கள் என் வீட்டில் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்