வெட்டுப்பட்ட காசைக் கழிவென்று தள்ளாதீர்: நாணயவியல் சங்கத்தாருக்கும் பழங்காசு வணிகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

நாணயக் கண்காட்சிகளில் துளையிட்ட, வெட்டுப்பட்ட, மேல்முத்திரை (அச்சிட்ட பிறகு காசின்மேல் தனியாகக் குத்தப்படும் அடையாளம்) குத்திய காசுகள் ஒரே தட்டில் கொட்டப்பட்டு, எடைக்கு விலை சொல்லப்படுவதைக் காண்கிறேன். துளையை அடைத்து, வெட்டைத் தேய்த்து மறைத்து விற்பதும் நடக்கிறது. இவ்விரண்டையும் கைவிடுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 உரோமப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். பொன்னின் தரத்தைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால் காசின் எந்தப் பக்கத்தில் வெட்டினாலும் போதுமே. தலையையே தேடி வெட்டியிருப்பதால், இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக எடைபோட்டே கொள்ள வேண்டும் என்று அறிவிப்பதற்காக அவ்வாறு செய்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், காசை அச்சிட்ட உரோமைப் பற்றிச் சொல்ல எத்தனையோ சான்றுகள் உள்ளன. அதை இங்கே கையாண்டவர்களின் எண்ணத்தைச் சொல்ல அந்த வெட்டைத் தவிர வேறு சான்று அரிது. அதைத் தேய்த்துவிட்டால் நம் பக்கத்து வரலாறுதான் அழிகிறது.

சென்னையோடு தொடர்புள்ள இன்னொரு சான்றும் உண்டு. 1812இல் மதராசிலிருந்து சமராங் என்ற கப்பலில் 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்கள் சிட்னிக்குச் சென்றன. அவை அங்கிருந்த ஆங்கிலேயக் குடியேற்றத்தை விட்டு வெளியேறிவிடாதிருக்க, அதன் ஆளுநர் மக்குவாரி, கள்ளக்காசு அடித்துத் தண்டனை பெற்றிருந்த வில்லியம் ஹென்ஷால் என்பவரைக் கொண்டு ஒவ்வொன்றின் நடுவையும் வெட்டியெடுக்கச் செய்தார். 1813 என்ற ஆண்டு பொறிக்கப்பட்ட வளையத்திற்கு 5 ஷில்லிங், நடுத்துண்டிற்கு 15 பென்ஸ் என மதிப்பு வைக்கப்பட்டது. இன்று எஞ்சியிருக்கும் சுமார் 300 வளையக் காசுகளை ஆஸ்திரேலியர்கள் தங்கள் நாட்டின் முதல் நாணயமாகப் போற்றுகிறார்கள். அங்கே எவரும் அந்தத் துளையை அடைக்க நினைப்பதில்லை.

எல்லாச் சிதைவும் மதிப்புடையது என்று நான் வாதிடவில்லை. மண்வெட்டி பட்ட கீறலும் அமிலத்தில் கழுவிய பளபளப்பும் வெறும் சேதமே. புதிதாகக் குத்தப்படும் போலி முத்திரைகளும் சந்தையில் உலவுவதால், பள்ளத்தின் உட்புறத்தில் காசின் பிற பகுதிக்கு ஒத்த களிம்பும் தேய்மானமும் இருக்கின்றனவா, குத்திய இடத்திற்கு நேர் பின்புறம் தட்டையாகியிருக்கிறதா, முத்திரையின் காலத்திற்குப் பிற்பட்ட காசில் அது குத்தப்பட்டிருக்கிறதா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்; முதல் இரண்டும் பழைய முத்திரைக்கு அறிகுறி, கடைசியது போலிக்கு அறிகுறி. இந்தப் பயிற்சியைச் சங்கங்கள் புதிய உறுப்பினர்களுக்கு அளித்தால் பேருதவியாக இருக்கும்.

வணிகர்கள் இத்தகைய காசுகளைக் கழுவாமலும் செப்பனிடாமலும், எந்த ஊரில் வாங்கியவை என்ற குறிப்புடனும் விற்க வேண்டும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தடத்தையும் அரத்தால் அராவிவிடக் கூடாது. புதையலாகக் கிடைத்தவை என்று தெரியவந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். உருக்குவதற்கு ஒருபோதும் வாங்காதீர்கள். சங்கங்கள் தங்கள் அடுத்த கண்காட்சியிலேயே இவற்றுக்கெனத் தனிப் பேழை ஒன்றை ஒதுக்கி, வெட்டும் முத்திரையும் தெளிவாகத் தெரியும்படி இருபுறப் படங்களுடன் பதிவேடு ஒன்றைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழங்காசு சேகரிப்பாளர் ஒருவர்