சோற்றை நிறுத்திய மாப்பிள்ளைக்கு

மண்டபம்
3.8.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

நாங்கள் நலம். உன் நலத்தில்தான் சந்தேகம். ஏப்ரலில், சோற்றை நிறுத்தி இளைத்த பெருமையில் பெல்ட் போட்டோ ஒன்றைத் தட்டிவிட்டதோடு சரி, அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை. இப்போது கடிதமே எழுதுகிறேன் என்றால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் 'சரிடா, சரிடா' என்று வைத்துவிடுவாய். இது நீ கையில் வைத்து இரண்டு தடவை படிக்க வேண்டிய விஷயம்.

என் தங்கச்சி நேற்று இங்கே போன் பண்ணியிருக்கிறாள். என் போட்டோவைப் பார்த்த மறுவாரமே நீயும் சோற்றை நிறுத்திவிட்டாயாம். போன வியாழக்கிழமை பூக்கடை வாசலில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டாயாம். கேட்டால் வெயில் என்றாயாம். கோயம்புத்தூரில் ஆடி மாதம் என்னடா வெயில்? சின்னப் பிள்ளைகூட இதைவிட நன்றாகப் பொய் சொல்லும்.

உனக்குக் காலையில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை உண்டல்லவா? டாக்டரிடம் சோற்றை நிறுத்தியதைச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். நீ இட்லி தின்றாயா முட்டை தின்றாயா என்று அந்த மாத்திரை பார்க்காது. அது பாட்டுக்குக் கணையத்திலிருந்து இன்சுலினை வரவழைத்துக்கொண்டே இருக்கும். மாவுச்சத்து உள்ளே போகாமல் இன்சுலின் மட்டும் வந்தால் சர்க்கரை 70க்குக் கீழே விழும். நடுக்கமும் வியர்வையும் அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பைக் ஓட்டும்போது வந்திருந்தால்? நேற்று ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். உன்னைக் கிளப்பிவிட்டது நான்தானே.

சரி, என் கதைக்கு வருகிறேன். சிரித்துக்கொள்.

மார்ச்சில் ஆரம்பிக்கும்போது நமக்குத் தெரிந்த நண்டு சார்தான் பிடிவாதமாக, "முதலில் ரத்தத்தைக் கொடு, அப்புறம் சோற்றை நிறுத்து" என்றார். அந்த ஒரு நல்ல காரியம் நடந்தது. அப்போது எடை 86. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.3. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 230, நல்ல கொழுப்பு ஹெச்.டி.எல். 36. கல்லீரலைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 62. ஜூலையில் எடை 76. பெல்ட்டில் ஆணியால் ஓட்டை போட்டது நீ பார்த்ததுதான். சான்றிதழ் வாங்கப் போகிற பையன் மாதிரி லேபுக்குப் போனேன்.

போவதற்கு முன்னால் ஒரு டம்ளர் காப்பி குடித்தேன். சர்க்கரை இல்லை, பால் இல்லை. இரண்டு ஸ்பூன் நெய் மட்டும். சோறு தின்னவில்லை, ஆகவே வெறும் வயிறு என்பது என் சித்தாந்தம். அந்த லேபில் யாரும் கேட்கவுமில்லை. டிரைகிளிசரைடு 248 என்று வந்தது. மூன்று நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றார். சொன்னேன். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நெய் வயிற்றில் போனால் சில மணி நேரம் ரத்தத்தில் அந்தக் கொழுப்புதான் ஓடுமாம். வெறும் வயிறு என்றால் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும்.

மறுபடி ஒரு நாள் முதல் பஸ் பிடித்து ராமநாதபுரம் போனேன். உச்சிப்புளி தாண்டும்போதே பசி. லேபுக்கு எதிரே ஒருவன் வடை போடுகிறான், ஈவிரக்கமில்லாதவன். இந்த லேபில் இருந்த பெண் கெட்டிக்காரி. ஊசி எடுக்கும் முன்பே, "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க ஐயா, காலையில காப்பி டீ ஏதாவது?" என்று கேட்டாள். கூட வந்த உன் தங்கச்சி முந்திக்கொண்டு, "குடிக்கலம்மா, நான் சமையற்கட்டுக்குப் பூட்டு போட்டுட்டேன்" என்றாள். சாம்பல் மூடிக் குப்பி சர்க்கரைக்கு, ஊதா மூடி மூன்று மாதச் சராசரிக்கு, மஞ்சள் மூடி கொழுப்புக்கு. என் ரத்தம் வழக்கத்தைவிடக் கெட்டியாகத் தெரிந்தது, அது பயம்.

இந்தத் தடவை டிரைகிளிசரைடு 85, ஹெச்.டி.எல். 49, மூன்று மாதச் சராசரி 5.6, எஸ்.ஜி.பி.டி. 28. காலைச் சர்க்கரை மட்டும் 118இலிருந்து 108க்குத்தான் இறங்கியிருந்தது. முகம் சுண்டிப்போனேன். டாக்டர் இன்சுலினைக் காட்டினார். மார்ச்சில் 19, இப்போது 7. இன்சுலினுக்கு உடம்பு எவ்வளவு அடம்பிடிக்கிறது என்று பார்க்கச் சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405ஆல் வகுத்தார், அன்று ஐந்தரை வந்தது இன்று இரண்டுக்குள். மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குத் தசையெல்லாம் கொழுப்பிலேயே ஓடுவதால் விடியற்காலைச் சர்க்கரை கொஞ்சம் மேலே நிற்பது உண்டாம். அதை மட்டும் பார்த்துப் பயப்படவும் கூடாது, அதுதான் காரணம் என்று நாமாக முடிவு கட்டவும் கூடாது என்றார்.

அவர் தாளைத் திருப்பினார். கெட்ட கொழுப்பு எல்.டி.எல். 225.

மார்ச்சில் 132 இருந்தது. பல லேபில் இதை நேராக அளப்பதில்லை, கணக்குத்தானாம். மொத்தக் கொழுப்பு 291, அதில் ஹெச்.டி.எல்லைக் கழி, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி, மிச்சம் இது. நெய்க் காப்பித் தாளில் டிரைகிளிசரைடு ஏறியதால் எல்.டி.எல். 186 என்று நல்ல பிள்ளையாக நின்றிருந்தது! நான் விடவில்லை. எடை குறைகிறபோது எல்.டி.எல். ஏறும், டிரைகிளிசரைடு குறைந்தால் கவலையில்லை என்று வாட்ஸப்பில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் வீட்டில் யாருக்காவது மாரடைப்பு உண்டா?" என்றார்.

மாப்பிள்ளை, பெரிய அண்ணனுக்கு மாரடைப்பு வந்தபோது வயது 52. ராமேஸ்வரத்திலிருந்து பாலம் தாண்டி ஆம்புலன்ஸில் கூட வந்தது நீதான். அண்ணன் கையை நீ விடவே இல்லை. டாக்டருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை எனக்கு.

கொழுப்புத் துகள்களை எண்ணுகிற மாதிரி ஏபோ பி என்று ஒரு சோதனை எழுதினார். அதுவும் 148, அதிகம்தான். தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறுமாம், அது பார்த்ததில் சரியாக இருந்தது. அப்புறம் என்ன தின்றேன் என்று விசாரணை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் விலை உனக்குத் தெரியும். சீலா மீனைப் பார்க்கத்தான் முடியும். ஆகவே காலையில் நெய், மதியம் ஆட்டுக்கொழுப்பு, ராத்திரி வெண்ணெயில் பொரித்த முட்டை. நடுவில் தேங்காய். கடலோரத்தில் பிறந்தவன் இரண்டு மாதம் கிடாய் மாதிரி வாழ்ந்திருக்கிறேன்.

இப்போது நெய்க் காப்பி ஒழிந்தது. சூடை மீன், சாளை, நிலக்கடலை, கீரை. குழம்பு வைத்தால் தேங்காய்ப்பால் பாதி. மாவுச்சத்து குறைச்சல் அப்படியே இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம். இறங்காவிட்டால் மாத்திரை போட வேண்டும் என்றார், போடுவேன். இதில் எனக்கு ரோஷம் கிடையாது. இன்று ஆடிப் பதினெட்டு, மருமகள் எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம் என்று கிண்டி வைத்திருக்கிறாள். நான் அவித்த முட்டையோடு இதை எழுதுகிறேன்.

உன் தங்கச்சிக்கும் அன்றே எடுத்தோம். அவளுக்குச் சராசரி 6.1. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டலாமாம், அதனால் முதலில் அதைச் சரிசெய்கிறார்கள். நாம் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே.

உன் விஷயம். நாளைக்கே டாக்டரிடம் போ. 'சோற்றை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தடவை நடுங்கி உட்கார்ந்தேன்' என்று முதல் வாக்கியமாகச் சொல். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எவ்வளவு என்று அவர் சொல்லட்டும், நீயாக நிறுத்தாதே. டாபாகிளிஃபுளோசின் என்று சர்க்கரை மாத்திரை ஏதாவது எழுதியிருந்தால் அதைத் தனியாகக் காட்டு. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே இப்படிச் சோற்றை ஒதுக்கினால் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். நான் சொன்ன சோதனைகளோடு சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் சேர்த்துக் கேள். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் சோதனை எழுதினால், அதற்கு முன் மூன்று நாள் தினமும் 150 கிராம் மாவுச்சத்தாவது தின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத வியாதியைக் காட்டக்கூடும். அதைச் சாக்காக வைத்துப் பிரியாணிக் கடைக்குள் குடியேறிவிடாதே.

பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. நீ வந்தால் மண்டபத்தில் இறங்க வேண்டாம், ராமேஸ்வரம் வரை போய்த் திரும்புவோம். வரும்போது ரிப்போர்ட்டோடு வா. பெல்ட் போட்டோ எடுத்து அனுப்பாதே.

என்றும் உன்,
கணேசன்

பி.கு.: கீழக்கரைத் தொதல் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன், தங்கச்சிக்கு. கை நடுங்கும்போது இதை எடுத்துத் தின்னாதே, தேங்காய்ப்பால் பண்டம், சர்க்கரை ஏற நேரமாகும். சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்.